அறுபதாவது கட்டைவிரல்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோர டீக்கடை ஒன்றில் போன கார்த்திகை மாதம் முழுக்க ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸ் இருக்கிறாளாம். அவள் வந்து காலில் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலை ஆள் இல்லையாம்.

"என் சகலையோட சித்தப்பா சார். புதன்கெழம கட்னா. வியாழக்கெழம நாங்க பெட்டிக்கு ஆர்டர் குடுத்துக்கினு இருந்தோம்" என்றார் ஆட்டோ ஓட்டும் காலேப்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்குறது? உள்ளயே வுடமாட்டான். சகலை பாத்தான்."

சகலையிடம் போனால், பார்த்தது தன் மனைவி என்றார். மனைவி பார்த்தது ஒரு கட்டைவிரலை. அதில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. மீதியை ஊர் பார்த்தது.

ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிர் போனதும் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கிழிந்த துணியால் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். கால் அகன்று விறைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உயிர் போக வேண்டும். இந்த ஐ.சி.யூ.வில் கட்டுவது முதலிலும் போவது பிறகும் நடக்கிறது என்பதுதான் டீக்கடையின் புகார்.

விசாரித்ததில் நர்ஸ் உண்டு. கட்டைவிரலும் உண்டு. துணிதான் இல்லை. அது மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகித டேப். அதற்கு அடியில் ஒரு பொத்தான் அளவு வெப்பமானி, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர். ஒட்டுகிறவர் பெயர் ஜெயஸ்ரீ. முப்பத்து நான்கு வயது. கோவளத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா அங்காளம்மா இன்றைக்கும் ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே மீன் விற்கிறார். கணவர் கார்த்திக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை.

ஒன்பது வருடம் மூன்று ஆஸ்பத்திரிகளின் ஐ.சி.யூ.க்களில் வேலை பார்த்துவிட்டு, வேலையை விட்டு, தீவிர சிகிச்சை செவிலியத்தில் முதுகலை சேர்ந்தார் ஜெயஸ்ரீ. பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நடைமுறையில் அது காலை ஏழு மணிக்கு வார்டில் நின்று, பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பில் தூங்காமல் உட்காரும் படிப்பு. ஒன்பது வருடமாக யாரும் கேட்காமல் கை தானாகச் செய்த வேலையை, ஏன் செய்தாய் என்று இப்போது ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அப்படி எழுத அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் கட்டைவிரல்.

"உடம்புக்கு ரத்தம் பத்தலைன்னா மொதல்ல காலுக்குப் போறதைத்தான் குறைக்கும் சார். மூளையும் இதயமும் ஹெட் ஆபீஸ். கால் வந்து பிராஞ்ச். மானிட்டர்ல பி.பி. நல்லாத்தான் காட்டும். ஆனா கட்டைவிரல் ஜில்லுனு ஆயிடும். உள்ளுக்குள்ள இருக்குற சூட்டுக்கும் விரல்ல இருக்குற சூட்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாத்துக்கிட்டே வந்தா, மானிட்டர் சொல்றதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிடும். அதைத்தான் நிரூபிக்கணும்."

நிரூபிக்க அறுபது நோயாளிகள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் வீட்டார் ஒருவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி கடைசித் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏற்கமாட்டார்கள். ஆறு மாதம் தள்ளிப்போகும். கார்த்தி ஓவர்டைம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டது இரண்டு வருடத்துக்குத்தான். அந்த இரண்டு வருடம் பிப்ரவரியோடு முடிகிறது.

பொங்கல் சமயத்தில் ஐம்பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள். அவர்களில் இருபத்தொரு பேர் இறந்திருந்தார்கள். ஆய்வின் விதிப்படி ஜெயஸ்ரீ தேடிப் போனதே வார்டில் மிக மோசமாக இருந்தவர்களைத்தான். மீதி முப்பத்தெட்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் பிழைத்து வந்தவன் எவனும் டீக்கடையில் உட்கார்ந்து, என் கட்டைவிரலில் டேப் ஒட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று பேசுவதில்லை. அவனுக்குப் பேச பில் தொகை இருக்கிறது.

செய்தி மேடவாக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. வஞ்சிரம் வாங்க வந்த குடியிருப்புப் பெண் ஒருவர், விஷயம் தெரியாமல், அங்காளம்மாவிடமே சொன்னார்.

"அந்தப் பக்கம் யாரையும் அட்மிட் பண்ணிடாதீங்கம்மா. அங்க ஒரு சிஸ்டர் கால கட்டிட்டா அவ்ளோதானாம்."

அங்காளம்மா கத்தியை நிறுத்தாமல் கேட்டார்: "அய்ய, நெசமாவா? உம் மாமியாக்கு மூட்டுவலின்னு சொல்லிக்கினு இருந்தியே தாயி. இட்டுக்கினு போய் சேத்துடு. நான் சொல்லி வெக்கிறேன், ரெண்டு காலையும் கட்ட சொல்லி."

"உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"என் பொண்ணுதான்."

அந்தப் பெண் அன்றைக்குத் துண்டு போட்ட மீனை வாங்காமலே போய்விட்டார்.

ஐ.சி.யூ. வாசலில் காவலுக்கு இருந்த தட்சிணாமூர்த்தி இரக்க சுபாவமுள்ளவர். வெளியே நாற்காலியில் கிடக்கும் உறவினர்களுக்கு அவர்தான் கழிவறைக்கு வழி காட்டுவார், எந்த டாக்டர் உண்மை சொல்வார் என்பதையும் சொல்வார். கட்டைவிரல் விவகாரத்துக்கும் அவரே ஒரு நிவாரணம் கண்டுபிடித்தார். "சாக்ஸ் போட்டுடுங்க. குளுருதுன்னு சொல்லுங்க. யாரு வேணாம்னுவாங்க?" எதிரே இருந்த கடையில் டிசம்பருக்குள் சாக்ஸ் தீர்ந்துபோனது. பிறகு வந்தவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் பார்வை நேரத்தில் அந்த வார்டைப் பார்த்தவர்களுக்கு, வென்டிலேட்டர் போட்ட கால்பந்துக் குழு படுத்திருப்பதுபோலத் தோன்றியிருக்கும். ஜெயஸ்ரீக்குக் கையெழுத்து கிடைப்பது நின்றது.

ஜனவரி கடைசி வாரத்தில் ஏழாம் படுக்கைக்கு முனிரத்தினம் வந்தார். பீர்க்கன்கரணைக்காரர், வயது எழுபத்தொன்று. ஏரியை ஒட்டி நெல் போட்ட நிலத்தில் இப்போது பதினொரு வாடகை வீடுகள் நிற்கின்றன. நிமோனியா. வென்டிலேட்டர். மகன் சக்திவேல் ஒரு நாளைக்கு இரண்டு முறை, பார்வை நேரம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்து நிற்பார். மருமகள் சாமுண்டீஸ்வரி முதல் நாளே பையன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் நீல நிற சாக்ஸைக் கொண்டுவந்து மாமனார் காலில் தன் கையாலேயே மாட்டினார். மேல்பக்கம் இரண்டு மஞ்சள் கோடுகள். கெண்டைக்கால் வரை இழுத்துவிட்டார்.

ஜெயஸ்ரீ படிவத்தோடு போனார். அறுபதாவது ஆள்.

"அப்பாவுக்கு ஒரு சின்ன சென்சார் ஒட்டணும் சார். வலிக்காது. ஊசி எதுவும் கிடையாது."

சக்திவேல் படிவத்தைப் பார்க்கவில்லை. ஜெயஸ்ரீயின் பெயர் அட்டையைப் பார்த்தார். "நீங்கதானா அது?"

"எது சார்?"

"சிஸ்டர், நான் படிச்சவன். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா எங்க வீட்டு லேடீஸ் பயப்படுறாங்க. ஒட்ட வேணாம். விட்டுடுங்க."

"சென்சார் வேணாம்னா விட்டுடறேன் சார். சாக்ஸை மட்டும் அப்பப்ப கழட்டி..."

"அதைத்தான் வேணாங்குறேன்."

படித்தவர் என்பதால் அவர் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. மேலே போய் நோயாளித் தொடர்பு அதிகாரி அனுப்பிரியாவிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். அனுப்பிரியா எம்.பி.ஏ. படித்தவர். அவருடைய உலகத்தில் நோயாளி என்பவர் வாடிக்கையாளர். வென்டிலேட்டரில் இருப்பவர் கொஞ்சம் பேசாத வாடிக்கையாளர். மறுநாள் காலை ஏழாம் படுக்கையின் கோப்பில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: கால் உறையைக் கழற்ற வேண்டாம், குடும்பத்தினர் விருப்பம். ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் ஆய்வுக்குக் கொடுத்த அனுமதியே ரத்தாகும் என்றும் சிரித்த முகத்தோடு சொன்னார்.

அன்று காலை எட்டு மணிக்கு ஜெயஸ்ரீ ஏழாம் படுக்கையருகே நின்றார். மானிட்டரில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. இதயத் துடிப்பு மட்டும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். வழக்கமாக அவர் கை அடுத்துப் போகுமிடம் கால். அன்றைக்குப் போகவில்லை. ஐம்பத்தொன்பது கையெழுத்து கோப்பில் இருந்தது; அறுபதாவது வேறொரு படுக்கையில் கிடைக்கலாம். படுக்கைக்குப் பொறுப்பான வார்டு நர்ஸும் சீட்டைப் படித்திருந்தார். சுற்று வந்த டாக்டரும் படித்திருந்தார். மூவருமாகச் சேர்ந்து மஞ்சள் கோடுகளுக்கு மேலே இருந்த முனிரத்தினத்தை மட்டும் கவனித்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு சாமுண்டீஸ்வரி வந்து, சாக்ஸ் இருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டரைக்கு ஜெயஸ்ரீ சாக்ஸைக் கழற்றினார். ஏன் அப்போது என்று கேட்டதற்கு, "கை சும்மா இருக்க மாட்டேன்னுது" என்றார். பாதம் ஐஸ் பெட்டியில் வைத்த மீன்போல இருந்தது. முழங்கால் வரை ஊதா நிறத்தில் வலைபோலத் திட்டுகள். அப்போதும் பி.பி. நன்றாகவே இருந்தது. அவர் பணியில் இருந்த டாக்டர் ஷெர்வினை அழைத்தார். ஷெர்வின் ஓடிவந்து காலைத் தொட்டார், வயிற்றை அழுத்தினார், மூக்குக்குழாயில் இழுத்துப் பார்த்தார். காப்பித்தூள் கரைத்ததுபோல வந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, காலையிலிருந்தே.

"எப்போலேந்து கால் இப்படி?" என்றார் ஷெர்வின்.

"தெரியாது டாக்டர்."

"நீங்க சொல்றீங்களா தெரியாதுன்னு?"

அதற்குள் பி.பி. விழ ஆரம்பித்துவிட்டது.

இரண்டு யூனிட் ரத்தம் உடனே வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் பழக்கம், எடுத்துப்போன அளவை வீட்டார் யாராவது வந்து கொடுத்து ஈடுகட்ட வேண்டும். சக்திவேல் ஓடிவந்து ஒரு யூனிட் கொடுத்தார். இரண்டாவதுக்கு மைத்துனர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்; மைத்துனர் குரோம்பேட்டை நெரிசலில் இருந்தார். காத்திருக்க முடியாது என்று ஜெயஸ்ரீ பொறுப்புக் கையெழுத்துப் போட்டு இரண்டாவது பையையும் வாங்கிவந்தார். ஊரெல்லாம் தேடி அலைந்த கையெழுத்தை அன்றைக்கு அவரே போட்டார்.

சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க, கட்டைவிரலில் வெப்பமானியை ஒட்டச் சொன்னார் ஷெர்வின். டாக்டர் உத்தரவு, ஆய்வுக்காக அல்ல. ஒட்டினார். எண்கள் பதிவாகிக்கொண்டே வந்தன. மாலை ஐந்து மணிக்குப் பார்வை நேரத்தில் சாமுண்டீஸ்வரி போர்வையைத் தூக்கினார். சாக்ஸ் இல்லை. வெற்றுக் கால், கட்டைவிரலில் வெள்ளை. அவர் கத்திய கத்தலில் தட்சிணாமூர்த்தி உள்ளே ஓடிவந்தார்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு முனிரத்தினம் இறந்தார். டீக்கடைக்கு இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஜெயஸ்ரீயின் வழிகாட்டி பேராசிரியை ஸஹானா அன்று மதியம் அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை, தேதிகளைத் தெரிந்தவர். "ரீடிங் இருக்கு இல்ல? அவசரமா ஒட்டினதுன்னா மூணு நாளுக்குள்ள ஃபேமிலி சைன் பண்ணினாலும் அனுமதி குடுக்குற கமிட்டி ஒத்துக்கும். ரூல்லயே இருக்கு. உன் அறுபது முடிஞ்சிது ஜெயஸ்ரீ. போய் ஒரு கையெழுத்து வாங்கு."

சாவு வீட்டுக்குப் படிவத்தோடு போக ஜெயஸ்ரீக்குக் கால் வரவில்லை. மூன்றாம் நாள், பால் தெளித்து முடித்த கையோடு, சக்திவேலே வந்தார். மொட்டை அடித்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று தட்சிணாமூர்த்தி பின்னாலேயே கேன்டீன் வரை வந்தார். சக்திவேல் இரண்டு டீ வாங்கிவந்து எதிரே உட்கார்ந்தார்.

"டாக்டர் ஷெர்வின்கிட்ட பேசினேன். காலையிலயே கால் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னார். ஆனா உறுதியா எதுவும் சொல்லல."

"உறுதியா சொல்ல முடியாது சார். வயசு, நிமோனியா வேற."

"சரி. அப்ப எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. சாக்ஸ் போட்டதால ஒண்ணும் ஆகலைன்னு. ஆஸ்பிடல் பேப்பர் வேணாம், வெள்ளைத்தாள்ல போதும். சாமுண்டீஸ்வரி மூணு நாளா சாப்பிடல. சாக்ஸைக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க ஃபாரத்தைக் குடுங்க, நான் சைன் பண்றேன். உங்களுக்கு அது வேணும்னு செக்யூரிட்டி சொன்னார்."

படிவம் ஜெயஸ்ரீயின் பையில்தான் இருந்தது. அன்று மாலையோடு கெடு முடிகிறது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

"உங்க வீட்டு அக்காகிட்ட நான் வந்து வாயால சொல்றேன் சார். எழுதச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"என் தீசிஸ் பூரா கால் சீக்கிரம் சொல்லிடும்னுதான் எழுதியிருக்கேன். அறுபதாவதா உங்க அப்பா ரீடிங்கையும் அதுல சேத்துட்டு, இன்னொரு தாள்ல காலைப் பாக்காததால ஒண்ணும் ஆகலைன்னு எப்படி சார் எழுதுறது?"

சக்திவேல் டீயைத் தள்ளி வைத்தார். "அப்ப, வாயால வந்து சொல்றேன்னீங்களே, அது பொய்யா?"

கேன்டீனில் யாரோ தோசைக்கு டோக்கன் எண்ணைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சாக்ஸ் மட்டும் இல்ல சார்" என்றார் ஜெயஸ்ரீ கடைசியில். "எட்டு மணிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். கழட்டியிருக்கணும். நீங்க திரும்ப கம்ப்ளெய்ன்ட் பண்ணினா என் படிப்பு போயிடும்னு பயந்து விட்டுட்டேன். நாலரை மணி நேரம். அதை வேணா எழுதித் தரேன். கையெழுத்தும் போட்டுத் தரேன். நீங்க யார்கிட்ட வேணா குடுங்க."

அந்தத் தாள் ஒரு வக்கீல் கையில் என்ன விலை போகும் என்று பதினொரு வீட்டு வாடகை வசூலிப்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

"அதை எடுத்துட்டுப் போனா அவ சாப்பிடுவாளா?" என்றார் சக்திவேல்.

எழுந்து போய்விட்டார். படிவம் பையிலேயே இருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஸஹானா மேடம் அழைத்தார். வாங்கவில்லை என்று ஜெயஸ்ரீ சொன்னார். "எக்ஸ்டென்ஷன் லெட்டர் நாளைக்கே குடுத்துடு" என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி கடைசித் தேதி போயிற்று. அதே வார்டில் அதற்குப்பின் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கார்த்தி எதுவும் சொல்லாமல் ஓவர்டைமை நீட்டித்துக்கொண்டார். எதுவும் சொல்லாததுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார் ஜெயஸ்ரீ. வார்டில் இப்போதும் கோப்புகளில் மஞ்சள் சீட்டு வருகிறது. அவர் அதைப் படித்துவிட்டுச் சாக்ஸைக் கழற்றுகிறார். இதுவரை இரண்டு புகார். அனுப்பிரியா இரண்டு முறையும் சிரித்த முகத்தோடு அதே எச்சரிக்கையைத்தான் சொன்னார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, சின்னது. ரத்த வங்கிப் பதிவேட்டில் முனிரத்தினத்தின் பெயருக்கு நேரே ஒரு யூனிட் ஈடுகட்டப்படவில்லை. பொறுப்பு என்ற இடத்தில் ஜெயஸ்ரீயின் கையெழுத்து. குரோம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த மைத்துனர் சாவுக்குத்தான் வந்து சேர்ந்தார். ஜெயஸ்ரீ தானே கொடுத்துவிடலாம் என்று போனால், ஹீமோகுளோபின் பத்து புள்ளி எட்டுதான், போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். கார்த்தி கொடுக்கிறேன் என்றார். போன வருடம் மஞ்சள் காமாலை வந்தவர். அங்காளம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார்.

"அக்கா, அந்த ஏழாம் பெட் யூனிட்?" என்று ரத்த வங்கிப் பெண் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார்.

"கேட்டுச் சொல்றேம்மா" என்கிறார் ஜெயஸ்ரீ. சக்திவேலின் எண் அவரிடம் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றிருந்தார். முடிந்துவிட்டது. முப்பதும் முடிந்துவிட்டது. போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. சாமுண்டீஸ்வரி எடுத்தால் முதலில் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. யூனிட் அப்படியே நிற்கிறது.